ராத்திரி மூணு மணிக் கணக்கு

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், இருபத்திரண்டு வருஷமாக. போன வருஷம் ஒரு மாசம் ஜிஎஸ்டி 3பி ரிட்டனை, அதாவது மாதாமாதம் போடும் வரிக்கணக்கை, 20ஆம் தேதிக்குள் போடாமல் 23இல் போட்டேன். நாளுக்கு 50 வீதம் 150 ரூபாய் தாமதக் கட்டணம். முதலாளி "சரி விடுங்க, கட்டிடலாம்" என்று அதோடு விட்டார். நான்தான் விடவில்லை. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும். "உனக்கு மறதி வந்துடுச்சு. இனிமே உன்னை எவன் நம்புவான்?" விடியும்வரை இதே இரண்டு வரி.

நினைக்கவே கூடாது என்று முதலில் பிடிவாதம் பிடித்தேன். குரங்கை நினைக்காமல் மருந்து குடித்த கதைதான். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்: வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றதும் ஆட்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்ததாம்.

அப்புறம் கண்ணாடி முன் நின்று "நான் கில்லாடி, தப்பே பண்ண மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே உள்ளே ஒருத்தன் சிரிக்கிறான். வவுச்சர் இல்லாத எண்ட்ரியை எந்த ஆடிட்டர் ஏற்பார்?

ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய சிகிச்சைமுறையில், நினைப்பை எழுதிவைத்து ஆதாரம் கேட்பார்கள். எனக்கு அது பேரேடு மாதிரியே தெரிந்தது. ஒரு நோட்டு எடுங்கள். நினைப்பு எந்த வார்த்தையில் வருகிறதோ அப்படியே மேலே எழுதுங்கள், நாசூக்கு வேண்டாம். நடுவில் கோடு. இடப்பக்கம் அதற்குச் சாட்சி, வலப்பக்கம் எதிர்ச்சாட்சி. ரசீது காட்ட முடிவது மட்டும். "எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறாங்க" என்பதெல்லாம் செல்லாது.

என் நோட்டில் இடப்பக்கம்: மூணு நாள் தாமதம், 150 ரூபாய். கடைச் சாவியை ஒருமுறை டீக்கடையில் விட்டது. வலப்பக்கம்: அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில். அதற்குமுன் ஒரு ரிட்டன்கூடத் தவறியதில்லை. கல்லாப்பெட்டிச் சாவி இன்னும் என்னிடம்தான்.

இரண்டையும் பார்த்துக் கீழே ஒரே ஒரு வரி எழுதவேண்டும். பழைய வரியின் இடத்தில் உட்காரப்போவது அதுதான். நான் எழுதியது: "அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் ஒரு தேதி தவறினேன், இப்போ 15ஆம் தேதிக்கே போனில் அலாரம் இருக்கு." இதில் இனிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் டேலி ஆகிறது. சத்தமாக வாசித்தால் உள்ளே இருப்பவன் சிரிக்கவில்லை.

படுக்கையில் எழுதாதீர்கள். நான் கடை அடைத்தபின் பதினைந்து நிமிஷம் உட்காருவேன். மூணு மணிக்கு அந்த நினைப்பு வந்தால், "சாயங்காலம் வா" என்று சொல்லி அந்த ஒரு வரியை மட்டும் முணுமுணுப்பேன். முதல் இரண்டு வாரம் பலனே இல்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் முழித்தேன், தண்ணீர் குடித்தேன், தூங்கிவிட்டேன்.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ நோட்டை நம்பி உட்கார வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

போன மாசம் ரிட்டனை 18ஆம் தேதியே போட்டுவிட்டேன். ராத்திரி புதுசாக ஒன்று: "அவசரத்துல ஏதாவது பில்லை விட்டிருப்பியோ?" அதற்குப் புதுப்பக்கம் திறந்திருக்கிறேன்.