குழி தோண்ட மட்டும் 25,000 ரூபாயா?
காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுகிறேன். தெருவிலிருந்து மனைக்கு 180 அடி. தண்ணீர்க் குழாய்க்கும் கரண்டு கேபிளுக்கும் தனித்தனிக் குழி, ஆள் வைத்துத் தோண்ட இரண்டுக்கும் சேர்த்து அடிக்கு 140 ரூபாய் என்றார் கான்ட்ராக்டர். செம்புறாங்கல் பூமி சார், கடப்பாரையே வளையும் என்றார், அது பொய்யில்லை.

மழை பெய்த மூன்றாம் நாள், மண் இளகியிருக்கும்போதே, மணிக்கு 1,300 என்று ஜேசிபி பிடித்தேன். 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரே குழி, 3 மணி நேரம். ஒரு ஓரம் குழாய், ஓரடி தள்ளி கேபிள். கேபிளுக்குக் கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை. நாளைக்கு யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல்தான் தட்டும். வாசலருகே 15 அடி மட்டும் அசையவில்லை, அதற்கு இரண்டு ஆள் கூலி 1,800. தோண்டிய செலவு மொத்தம் 5,700.