லேத் சுருளை வைத்துச் சாயத் தண்ணீரைத் தெளிய வைப்பது

ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள் நான். நொய்யலில் வந்த சாயத் தண்ணீர் எங்கள் கிணற்றை என்ன பாடுபடுத்தியது என்று கண்ணால் பார்த்தவள். இப்போது பெங்களூரு கப்பன்பேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைக்கிறேன். மிஞ்சும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.

தம்பி இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறான். இரும்பு கடையும்போது உதிரும் சுருளை அவனிடம் கேட்டு வாங்குகிறேன். சாயத்தை உடைக்கும் வினையைத் தூண்டிவிடும் வினையூக்கி அதுதான். வெறும் இரும்பாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம், முலாம் பூசியது வேண்டாம்.

முதல் தடவை அப்படியே போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. சுருளில் கூலண்ட் எண்ணெய் ஒட்டியிருந்தது. சலவை சோடா கரைத்த வெந்நீரில், தண்ணீர் மேல் எண்ணெயின் வானவில் படலம் வராமல் போகும்வரை அலச வேண்டியிருந்தது. அது போன பிறகுதான் இரும்பு வேலை செய்யும்.

ஒரு லிட்டர் நீர்த்த சாயத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் எடுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பேட்டரி ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 3 காட்டும்போது நிறுத்துங்கள். 10 கிராம் சுருள், அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லி. மூடி போடாதீர்கள், வாயு வரும். கொஞ்ச நேரத்தில் சுருளின் வளைவுகளில் கடுகு கடுகாகக் குமிழி ஒட்டும். ராணிக் கலர் மெல்ல வெளிர்ந்து, டீத்தண்ணி நிறத்துக்கு வரும். ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். பெராக்சைடைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். மிஞ்சினால் அதுவே வினையைத் தின்றுவிடும்.

இது 1894இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதிவைத்த வினைதான். அமிலத்தில் கரையும் இரும்பு பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிகல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகளை உண்டாக்கும். அது சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கும்.

இரும்பு மட்டும் போட்டாலும் நிறம் போகும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அசோ சாயம் என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பிணைந்த சாய வகை. அந்த நைட்ரஜன் பிணைப்பு அறுந்து, அரோமாட்டிக் அமீன்கள் என்ற உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே நிற்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பெராக்சைடு சேர்ப்பது அவற்றையும் தாக்கத்தான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பு அதிகம். அங்கே வினை மந்தமாகும்.

கடைசியில் சுருளை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கரைசல் விட்டு பிஎச் 8க்குக் கொண்டுவாருங்கள். துருநிறப் பஞ்சு போல இரும்பு திரண்டு இறங்கும். ஒரு ராத்திரி விட்டு, மேலே உள்ளதைத் துணியில் வடிகட்டுங்கள். இது குடிக்கும் தண்ணீர் இல்லை, செடிக்கும் வேண்டாம். நான் இதை வைத்துச் சாயத்தொட்டி கழுவுகிறேன். அடிவண்டலைக் காயவைத்து மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். அபாயக் கழிவை முறையாக வாங்குகிறவர்களிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும், குப்பையில் போடக்கூடாது. எடுத்த சுருளை அலசி, துருப் பிடித்து உதிரும்வரை மறுபடி மறுபடி போடலாம்.