பழைய லேப்டாப்பில் கேம்: காசைக் கரைக்கும் தவறுகள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்பே மருமகனின் லேப்டாப் என் மடிக்கு வந்துவிடும். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 புராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன முறை அதன் மேல் ஒரு சின்னப் பொட்டலமும் இருந்தது.

"மாமா, 8 ஜிபி ரேம் வாங்கியாந்துட்டனுங். இனி ஜிடிஏ ஓடுமுங்களா?"

பிரித்துப் பார்த்தால் டிடிஆர்3, அதாவது பழைய தலைமுறை ரேம். அவன் மெஷினுக்கு வேண்டியது அதற்கு அடுத்த டிடிஆர்4. வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் வரை பஸ்ஸில் போய் வாங்கி வந்தது.

மூடியைக் கழற்றாமலே சாமான் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. லேப்டாப் ரேமில் டிடிஆர்3க்கு 204 பின் (ஸ்லாட்டைத் தொடும் உலோகப் பற்கள்), டிடிஆர்4க்கு 260. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று பலம் காட்டினால் ஸ்லாட்தான் போகும். டிடிஆர்3லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, 1.35 வோல்ட் கேட்கும் மெஷினில் மற்றதைப் போட்டால் பல நேரம் ஆன் ஆகாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். அப்புறம் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூடுதல் ஸ்லாட்டே இருக்காது. அது தெரிந்தால் பஸ் காசாவது மிச்சம்.

எத்தனை ஜிபி என்று கேட்கிறவர்கள் எத்தனை குச்சி (ரேம் பலகை) என்று கேட்பதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ரேமில்தான் பங்கு வாங்கும். டிடிஆர்4 2400 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி வரைதான் தரவு போய்வர முடியும். இரண்டு சேனலிலும் (ரேமுக்கும் புராசஸருக்கும் நடுவே தரவு போகும் பாதை) ரேம் இருந்தால் அது 38.4. அதனால் ஒற்றை 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி கேமுக்கு நல்லது. மருமகன் மெஷினில் 4 ஜிபி பற்றவைத்தது, ஒரு ஸ்லாட் காலி. அதில் சரியான டிடிஆர்4 8 ஜிபி ஒன்றைப் போட்டோம். கணக்குப்படி 8 ஜிபி அளவுக்கு இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும், மீதி 4 ஜிபி ஒற்றையில் ஓடும். விண்டோஸும் பிரவுசருமே 4 ஜிபியைத் தின்றுவிடுகிற காலத்தில் இது பரவாயில்லாத பேரம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) ஏறும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஏறாது. கேம் சீக்கிரம் திறக்கும், புது இடத்துக்குள் நுழையும்போது திக்கித் திணறுவது குறையும், அவ்வளவுதான். ஆனாலும் போடச் சொல்வேன். குச்சி வடிவ எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இருந்தால், அது ஏற்பது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று பார்த்து வாங்குங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சூட்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். தை மாதத்தில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று வீடெல்லாம் புழுதியை அப்பிவிடும். மருமகன் லேப்டாப்பின் பேனைக் கழற்றினால், காற்று வெளியேறும் தகடுகளின் மேல் கம்பளித் துண்டு மாதிரி ஒரு சாம்பல் படலம். நகத்தால் இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. புராசஸருக்கு மேல் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. சூடு 100 டிகிரியை நெருங்கினால் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் நன்றாக ஓடும் கேம் பத்து நிமிடத்தில் நொண்டுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். இதைச் செய்யாமல் கூலிங் பேட் வாங்குவது அடைத்த சாக்கடைக்கு மேல் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுகிற கதை.

சுத்தம் செய்யும்போதும் தவறுகள் உண்டு. பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். புளோயர் அடித்தால் பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா சுற்றவிட்டால் பேரிங் கெடும். பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். பேட்டரி உப்பியிருந்தால் கேமை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

சார்ஜர் சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் குத்தினால் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துவிடும்.

கிராபிக்ஸ் சிப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைந்த விலை லேப்டாப்களில் அது போர்டோடு ஒட்டியது. வெளியே கார்டு மாட்டும் வித்தைக்கு ஆகும் செலவுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்பே தேடலாம். எந்த கேம் என்பதையும் முன்பே பாருங்கள்: விண்டோஸ் 11இல் வேலரன்ட் என்ற கேம் ஆட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி) இரண்டும் வேண்டும். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் மெஷின்களை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. 1920க்கு 1080இல் 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல். 1366க்கு 768இல் அதில் பாதிதான். கேம் செட்டிங்கில் இதைக் குறைத்து, நிழலையும் குறைத்தால் ரேமுக்குக் கொடுத்த காசின் பலன் அப்போதுதான் கண்ணில் தெரியும்.

மருமகன் முகம் சுளித்துக்கொண்டேதான் குறைத்தான். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை. அந்த டிடிஆர்3 குச்சியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அது 1.35 வோல்ட் வகை. என் பழைய லேப்டாப்புக்கு அதுதான் வேண்டும் என்பதால், பாதி விலை கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன்.