லிப்ஸ் ஃபோல்டரை மொத்தமாக பில்டில் சேர்ப்பது

ஒரு ப்ராஜெக்டுக்காக எங்களுக்கு 16 ஜார் கோப்புகள் (ஜாவா லைப்ரரிகளைப் பொதிந்த கோப்புகள்) ஒரே ஜிப்பில் வந்தன. எந்தப் பொது ரெப்போசிட்டரியிலும் கிடைக்காதவை. பில்ட் கோப்பில் 16 வரி எழுதினேன். அடுத்த ஜிப் வந்தபோது எல்லாப் பெயர்களிலும் பதிப்பு எண் மாறியிருந்தது. அன்றே ஜார்கள் இருக்கும் லிப்ஸ் ஃபோல்டரை மொத்தமாகச் சேர்க்கும் வழிக்கு வந்துவிட்டேன்.

நாங்கள் பயன்படுத்தும் பில்ட் கருவியான கிரேடிலில் அது ஒரே வரி. டிபென்டென்சிஸ் பகுதிக்குள் இம்ப்ளிமென்டேஷன் என்று எழுதி, அதற்கு ஃபைல்ட்ரீயை, அதாவது ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் தொகுப்பை, கொடுங்கள். ஃபைல்ட்ரீக்குள் டிர் என்ற இடத்தில் 'லிப்ஸ்', இன்க்ளூட் என்ற இடத்தில் '*.ஜார்'. உள் ஃபோல்டர்களில் இருப்பவையும் வேண்டுமென்றால் '**/*.ஜார்'. இம்ப்ளிமென்டேஷனுக்குப் பதில் கம்பைல் என்று எழுதிய பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதாதீர்கள், கிரேடில் 7-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

லிப்ஸ் ஃபோல்டர் அந்த மாட்யூலின் பில்ட் கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் ஃபைல்ட்ரீ பிழை காட்டாது. ஃபோல்டர் காலி என்று எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு கம்பைல் ஆகும்போது 'பேக்கேஜ் இல்லை' என்று வரிசையாக வரும், நீங்கள் இம்போர்ட் வரிகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. புது ஜிப்பைப் பழைய கோப்புகளின் மேலேயே பிரித்துவிட்டேன். பெயரில் எண் வேறு என்பதால் பழையது அழியவில்லை, ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பில் உட்கார்ந்துவிட்டது. என் கணினியில் ஓடியது. சர்வரில் 'இந்த மெத்தட் இல்லை' என்று விழுந்தது. கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) முதலில் வரும் ஜார்தான் ஜெயிக்கும், ஆனால் ஃபைல்ட்ரீ கோப்புகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ரெப்போசிட்டரியிலிருந்து வருபவை என்றால் பதிப்பு மோதலை கிரேடில் பார்த்துக்கொள்ளும். வெறும் கோப்பாகக் கொடுத்தால் அதற்குப் பதிப்பே தெரியாது. அந்த ஜார் சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் அது தேடித் தராது, அவற்றையும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் ஃபோல்டரை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் புதியதைப் பிரிக்கிறேன். அப்புறம் ஒரு சின்ன டாஸ்க் எழுதி, ஃபைல்ட்ரீயில் உள்ள பெயர்களை அகரவரிசையில் அச்சிடச் செய்து ஒருமுறை கண்ணால் பார்க்கிறேன். கிரேடிலின் டிபென்டென்சிஸ் டாஸ்க்கை இதற்கு நம்ப முடியாது, கோப்பாகச் சேர்த்தவை அந்த அறிக்கையில் வருவதில்லை.

எல்லாம் சரி, உங்கள் கணினியில் மட்டும் பில்ட் ஆகிறது, மற்றவர்களுக்கு ஆகவில்லை என்றால் எந்தக் கோப்புகளை கிட் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பைத் திறந்து பாருங்கள். ஜார் கோப்புகளை ஒதுக்கும் வரி பல டெம்ப்ளேட்டுகளில் முன்பே இருக்கும். அதற்குக் கீழே, லிப்ஸில் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு தந்து ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஒரு வரி போட்டு கமிட் செய்யுங்கள்.