மலைமேல் ஸ்ப்ரே சாதனம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பட்டறையோ சின்னத் தொழிற்சாலையோ நடத்துகிறவர்கள் ஸ்ப்ரே சாமான் வாங்க மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்குவார்கள். அங்கே ஓட்டிக் காட்டும்போது எல்லாம் அருமையாக இருக்கும். மேலே கொண்டுவந்து மாட்டியதும் பெயின்ட் திட்டுத் திட்டாக விழும். பல நேரம் சாமான் மேல் குறை இருக்காது, மலைக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்காததுதான் குறை.

கம்ப்ரசரில் ஆரம்பிப்போம். எத்தனை ஹெச்.பி., டேங்க் எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டு வாங்குவது பெரிய தவறு. கேட்டலாகில் இரண்டு எண்கள் இருக்கும். பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட் என்பது பிஸ்டன் நகரும் கொள்ளளவின் கணக்கு. பார்க்கப் பெரிதாக இருக்கும். எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி) என்பதுதான் உண்மையில் நமக்குக் கிடைக்கும் காற்று. அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் மேல். அதே பிஸ்டன் அதே வேகத்தில் ஓடினாலும் உள்ளே போகும் காற்றின் எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்துவிடும். ஆனால் ஸ்ப்ரே கன் கேட்கும் காற்று அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே கன்னுக்கு 12 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 12 கன அடி காற்று) வேண்டுமென்றால் ஊட்டியில் எஃப்.ஏ.டி. 16 இருக்கட்டும். ஹெச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை விட்டு அடிப்பது) வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை விடவே கூடாது. அது பெயின்ட்டை மிச்சம் பிடிக்கும், ஆனால் காற்றை நிறையக் குடிக்கும். மோட்டாரையும் கேளுங்கள்: சாதாரண மோட்டார்களின் ரேட்டிங் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமானது. அதற்கு மேல் காற்று மெல்லியது, சூடு சரியாக இறங்காது.

அடுத்த தவறு, நாசிலில் திரவ வரத்து பத்தவில்லை என்றதும் பிரஷரை ஏற்றுவது. நாசில் வழியாக வரும் திரவம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அப்படிச் செய்தால் துளி பொடியாகிப் புகை மாதிரி பறக்கும், பொருள் மேல் ஒட்டாது. மாற்ற வேண்டியது நாசிலை.

தேயிலைத் தொழிற்சாலையில் நாசில் தவறு சரக்கின் தரத்தையே கெடுக்கும். ஃபெர்மென்ட்டிங் அறையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்க வேண்டும், அதே சமயம் இலை மேல் சொட்டு விழக் கூடாது. தோட்டத்தில் மருந்தடிக்கிற நாசிலைக் கூரையில் மாட்டிவிட்டால் துளி பெரிதாக இருக்கும், ஆவியாகும் முன்பே இலையில் விழும். பனிமூட்டம் போலத் தெளிக்கும் நாசில்தான் இங்கே வேண்டும். அதன் துளை மிக நுண்ணியது. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் செம்மண் கலங்கி வரும்போது ஃபில்டர் இல்லாவிட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வலைக்கண் நாசில் துளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றும் தண்ணீரும் சேர்ந்து வரும் வகை என்றால் ஆயில் இல்லாத கம்ப்ரசர் வாங்குங்கள். சாதாரண கம்ப்ரசரின் எண்ணெய்ப் புகை தேயிலையில் போய்ச் சேரும். தொழிற்சாலை இதில் காசு மிச்சம் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆயில் இல்லாத கம்ப்ரசர் என்பது சாக்லேட் செய்கிறவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கு இன்னொன்று: கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில்தான் முழுதாக உருகும். ஊட்டிக் குளிரில் சாதாரண கன்னில் ஊற்றினால் உள்ளேயே உறைந்து நிற்கும். கப்பும் நாசிலும் சூடாகவே இருக்கும் கன் தேவை.

பெயின்ட்டும் குளிரில் கெட்டிப்படும். உடனே தின்னரை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அப்புறம் பெயின்ட் வழியும், பூச்சு மெலியும். டப்பாவை வெந்நீர் வாளியில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஃபோர்டு கப்பில் (பெயின்ட்டின் கெட்டித்தன்மையை அளக்கும் ஓட்டைக் கப்) அளந்து பார்த்த பிறகு தின்னர் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம். கன்னின் நாசில் அளவையும் அப்போதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் கூடுதல் செலவு என்று விடுபவர்கள் உண்டு. கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் காற்று லைனில் தண்ணீர் வந்தே தீரும். லாக்கர் (வார்னிஷ் போன்ற பளபளப்புப் பெயின்ட்) பூச்சு பால் போல வெளுத்துப் போவதற்கும் ஈரம்தான் காரணம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து பனி படிகிறது. பொருளின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையை விட 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் மட்டும் அடியுங்கள்.

குளிருக்காகக் கதவு, ஜன்னலை அடைத்து, அதே அறையில் கணப்பு மூட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். டூ-கே பி.யு. பெயின்ட்டுக்கு (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) துணி மாஸ்க் எந்தப் பாதுகாப்பும் தராது. காற்று இல்லாமல் பெயின்ட்டையே அழுத்தித் தெளிக்கும் ஏர்லெஸ் மெஷினில் அழுத்தம் 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேலும் போகும், நாசில் முன்னால் விரலை வைத்தால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.