ஊர்ப்பெயர்ப் பட்டியலை நிரலில் அகரவரிசைப்படுத்துவது எப்படி?

பழைய வடஆற்காடு மாவட்டத்தின் ஊர்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வோம். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் ஓர் ஆப்ஜெக்ட்; அதில் ஊர், மாவட்டம் என்று இரண்டு பண்புகள் உள்ளன. படிவத்தில் ஊரைத் தேர்ந்தெடுப்பவர் தேடாமல் கண்டுபிடிக்க வேண்டுமானால், இந்தப் பட்டியல் ஊர்ப்பெயரின் அகரவரிசையில் நிற்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட் என்னும் கட்டளையை வெறுமனே அழைத்தால் வரிசை அப்படியே இருக்கும். ஏனெனில் அது சாதாரண ஆப்ஜெக்டுகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரியான சொல்லாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. எதைக் கொண்டு ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லும் ஃபங்ஷனை, அதாவது சிறு நிரல்துண்டை, நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு ஆப்ஜெக்டுகளைப் பெறும் அந்த ஃபங்ஷன், முதலாவது முன்னே வர வேண்டுமானால் எதிர்ம எண்ணையும், பின்னே வர வேண்டுமானால் நேர்ம எண்ணையும், இரண்டும் சமமானால் சுழியையும் திருப்பித் தர வேண்டும். பலர் பெரியதா என்று மட்டும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்னும் விடையைத் திருப்புகிறார்கள். அதில் எதிர்ம எண் வரவே வழியில்லை என்பதால் வரிசை நம்பத்தக்கதாக இராது. எண்களுக்குச் செய்வதுபோல ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதும் சொற்களுக்குப் பயன்படாது.

இனித்தான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது. பெரியது, சிறியது என்னும் குறிகளால் ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டால், கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டுள்ள யூனிகோடு எண்களையே பார்க்கும். யூனிகோடு அட்டவணையிலோ ன என்பது ப-வுக்கு முன்பும், ற என்பது ல-வுக்கு முன்பும், ள என்பது ழ-வுக்கு முன்பும், ஜ என்பது ச-வை அடுத்தும் அமைந்துள்ளன. ஆகவே ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, ஆலங்காயம் என்று பட்டியல் வரும். ல, வ, ழ, ள, ற, ன என்று படித்த நமக்கு ஆலங்காயத்துக்குப் பிறகே ஆற்காடு வர வேண்டும். அதேபோல ஜோலார்பேட்டை சோளிங்கரை அடுத்து நுழைந்துவிடும். வடவெழுத்துகளைக் கடைசியில் வைக்கும் அகராதி முறைப்படி அதன் இடம் வேலூருக்கும் பின்னால். நாலைந்து ஊர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாமலே போகலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தீர்வு, ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் தொகுதியிலுள்ள கொலேட்டர்; அந்தந்த மொழியின் வரிசைப்படி சொற்களை ஒப்பிடும் கருவி இது. தமிழைக் குறிக்கும் டிஏ என்னும் குறியீட்டைக் கொடுத்து ஒரு கொலேட்டரை முதலிலேயே உருவாக்கிக்கொண்டு, ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குள் அதன் கம்பேர் என்பதற்கு இரண்டு ஆப்ஜெக்டுகளின் ஊர்ப் பண்புகளை அனுப்பி, வரும் விடையை அப்படியே திருப்பினால் போதும். சொல்லின் மீதே அழைக்கும் லோக்கேல்கம்பேர் என்பதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் பட்டியல் நீளும்போது ஒருமுறை உருவாக்கிய கொலேட்டரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் விரைவானது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடு மென்பொருளின் 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், இதற்கான மொழித் தரவு அதனுடன் சேர்ந்தே வருகிறது.

சோளிங்கர் என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொலேட்டர் இவற்றைச் சமமாகவே கொள்ளும், சமக்குறியோ வேறு சொற்களாகக் கருதும். ஆகவே தரவை உள்ளே வாங்கும்போதே நார்மலைஸ் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றி, முன்பின் உள்ள வெற்றிடங்களையும் நீக்கிவிடுவது நல்லது. ஊர்ப்பெயர் இல்லாத ஆப்ஜெக்ட் இருந்தால், ஒப்பிடுவதற்கு முன்பே அதைப் பிரித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

மாவட்டவாரியாக அடுக்க வேண்டுமானால் முதலில் மாவட்டப் பண்பை ஒப்பிட்டு, விடை சுழியாக இருக்கும்போது மட்டும் ஊரை ஒப்பிட வேண்டும். வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளைப் போலப் பெயருக்குள் எண் இருந்தால், வார்டு 10 என்பது வார்டு 2-க்கு முன்னே வந்துவிடும். கொலேட்டரை உருவாக்கும்போதே நியூமெரிக் என்னும் விருப்பத்தை இயக்கினால் அது சரியாகும்.

சார்ட் மூலப் பட்டியலையே மாற்றிவிடும் என்பதால், பழைய வரிசை வேறெங்கேனும் தேவைப்பட்டால் நகல் எடுத்து அடுக்க வேண்டும், அல்லது மூலத்தைத் தொடாமல் அடுக்கிய புதிய பட்டியலைத் தரும், ஜாவாஸ்கிரிப்டின் 2023-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த டுசார்ட்டட் என்பதைப் பயன்படுத்தலாம்.