சிறிய வங்கிப் பங்கு: பி.இ. பார்க்கும் முன் லாபத்தைப் பிரித்துப் பாருங்கள்

பங்கு விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த ஓராண்டு லாபத்தால் (இ.பி.எஸ்.) வகுத்தால் வருவது பி.இ. விகிதம். கணக்கு எளிது. எந்த லாபத்தை எடுக்கிறோம், அதை எத்தனை பங்குகளுக்குப் பிரிக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

பங்கு எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் முதல் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு (ஐ.பி.ஓ.) வந்தபோது ஒரு பங்கின் விலை 510 ரூபாய். 2021-22இன் நிகர லாபம் சுமார் 822 கோடி. வெளியீட்டுக்கு முன்பிருந்த 14.25 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் இ.பி.எஸ். 57.7, பி.இ. 8.8. புதிதாக வந்த 1.584 கோடிப் பங்குகளையும் சேர்த்துப் பிரித்தால் 51.9, பி.இ. 9.8 ஆகிவிடுகிறது. உரிமைப் பங்கோ (பழைய பங்குதாரர்களுக்குத் தரும் புதுப் பங்கு) கியூ.ஐ.பி.யோ (பெரிய நிதி நிறுவனங்களுக்கு விற்கும் புதுப் பங்கு) வந்த ஆண்டிலும் வெளியீட்டுக்குப் பிந்தைய எண்ணிக்கையையே எடுங்கள். லாபத்துக்குக் கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டினால் போதும்.

அதிகம் ஏமாற்றுவது வாராக்கடன் ஒதுக்கீடு, அதாவது திரும்பி வராத கடனுக்காக லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் தொகை. ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம்: கடன் 40,000 கோடி, செயல்பாட்டு லாபம் (ஒதுக்கீட்டுக்கும் வரிக்கும் முந்தையது) 1,500 கோடி, சந்தை மதிப்பு (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) 8,400 கோடி. இந்த ஆண்டு ஒதுக்கீடு வெறும் 100 கோடி. 25 சதவீத வரி போக நிகர லாபம் 1,050 கோடி, பி.இ. 8. ஆனால் கெட்ட ஆண்டுகளையும் சேர்த்து ஏழெட்டு ஆண்டுச் சராசரி எடுத்தால், இதன் ஒதுக்கீடு கடனில் 1 சதவீதம் என்று வையுங்கள். அப்படியானால் 400 கோடி ஒதுக்க வேண்டும். லாபம் 825 கோடியாகச் சுருங்கும், பி.இ. 10.2 ஆகும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் மற்ற வங்கிகளோடு ஒப்பிட வேண்டும். இதர வருமானத்தில் கடன் பத்திரங்களை விற்ற லாபமும், முன்பு தள்ளுபடி செய்த கடனில் வசூலான தொகையும் பெரிதாக இருந்தால் அவற்றையும் கழியுங்கள். ஆண்டுதோறும் அவை வராது.

கடன் வேகமாக வளரும் வங்கியில் கூடுதல் கவனம் தேவை. புதுக்கடன் கெட ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வட்டி வருமானம் ஏறும், வாராக்கடன் விகிதம் தாழ்ந்தே தெரியும், பி.இ.யும் மலிவாகக் காட்டும்.

பிறகு புத்தக மதிப்போடு, அதாவது பங்குதாரர்களுக்குச் சொந்தமான நிகர மதிப்போடு பொருத்திப் பாருங்கள். பி.இ.யை ஆர்.ஓ.இ.யால் (நிகர மதிப்பில் லாபம் எத்தனை சதவீதம் என்பது) பெருக்கினால் பி.பி. (விலை, புத்தக மதிப்பைப் போல் எத்தனை மடங்கு என்பது) வரும்: பி.இ. 8, ஆர்.ஓ.இ. 12.5 சதவீதம் என்றால் பி.பி. 1. நிகர மதிப்பிலிருந்து நிகர வாராக்கடனை (ஒதுக்கீடு போக மிஞ்சும் வாராக்கடன்) கழித்துவிட்டு பி.பி.யை மறுபடி போடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதென்றால் பி.இ. எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம்.

நஷ்டத்தில் இருக்கும் வங்கிக்குப் பி.இ. கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மூலதன விகிதம், அதாவது ஆபத்துக்கேற்ப எடை போட்ட கடன் முதலிய சொத்துகளில் வங்கியின் மூலதனம் எத்தனை சதவீதம் என்பது. ஆர்.பி.ஐ. கேட்பது குறைந்தது 9 சதவீதம், நெருக்கடிக்காகக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்போடு 11.5. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் அது 2020 ஜூனில் 0.17 சதவீதமாகவும் செப்டம்பரில் மைனஸ் 2.85 ஆகவும் இறங்கியது. நவம்பரில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைத்தபோது பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை.